நாற்பத்தோராவது எலி

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பால் பாக்கெட்டை வாங்கினால் கையில் தூக்கிப் பார்த்து எடை போடுவேன். ஆட்டோக்காரர் "குறுக்கால போய்டலாம்" என்றால் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். யாராவது காரணமில்லாமல் என்னைப் பாராட்டினால், இவர் என்ன உதவி கேட்கப் போகிறார் என்று அன்று முழுக்க யோசிப்பேன். (இதை நீங்கள் ஏன் படிக்கிறீர்கள் என்றுகூட எனக்கு லேசாக ஒரு கேள்வி உண்டு.) இவ்வளவு சந்தேகப்பட்டும் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் திருடரைப் பிடித்தேன். அதுவும் எழுத்து மூலமாக, இரண்டரைப் பக்கத்தில்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எம்.ஃபார்ம் முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், புது மருந்துகளை விலங்குகளிடம் சோதித்துப் பார்க்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். வீடு திருப்பாச்சூரில். காலை ஆறே காலுக்குத் திருவள்ளூரில் கம்பெனி வேன் ஏறி, பெரியபாளையம் வழியாக ஒன்றரை மணி நேரம் குலுங்கி, இரும்பு உருக்கும் ஆலைக்கும் டயர் கம்பெனிக்கும் நடுவே சத்தமே போடாமல் நிற்கும் ஒரு வெள்ளைக் கட்டடத்தில் இறங்குவேன். உள்ளே எலிகளுக்கு ஏ.சி. உண்டு. எங்கள் கேன்டீனுக்குக் கிடையாது.

என் வேலை, ஒரு எலி எவ்வளவு மருந்தை மூச்சில் இழுத்தது என்று சொல்வது. மாத்திரை என்றால் சிரமமில்லை. விழுங்கியது எவ்வளவோ அவ்வளவுதான் அளவு. மூச்சில் போகும் மருந்து அப்படியில்லை. பாதி காற்றோடு போகும், கொஞ்சம் குழாயில் ஒட்டும், மிச்சம்தான் மூக்குக்கு வரும். அதனால் சுற்றி வளைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காற்றில் எவ்வளவு மருந்து கலந்திருக்கிறது, அந்த எலி நிமிஷத்துக்கு எவ்வளவு காற்றை இழுக்கிறது, எத்தனை நிமிஷம் இழுத்தது. இந்த மூன்றையும் பெருக்கி எலியின் எடையால் வகுத்தால் அளவு வந்துவிடும்.

இதற்காக ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளுயர எஃகுக் கோபுரம் ஒன்று நின்றது. அதைச் சுற்றி நாற்பத்தொரு துளைகள். நாற்பதில் ஆளுக்கொரு குழாய்க்குள் நாற்பது எலிகள், மூக்கை மட்டும் உள்ளே நீட்டியபடி. கோபுரத்தின் நடுவே மருந்துத் தூள் புகை மாதிரி சுழன்று வரும். நாற்பத்தோராவது துளைக்கு எலி கிடையாது. அதில் நான் ஒரு வடிகட்டித் தாளைப் பொருத்தி, சின்ன பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி, தாளை எடுத்துத் தராசில் வைப்பேன். மூச்சு விட்டாலே எண் மாறுகிற தராசு. தாளில் கூடிய எடைதான் காற்றில் இருந்த மருந்து. அதாவது, எலிகளின் மூக்குக்கு என்ன போகிறது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

எலிகளைப் பார்த்துக்கொண்டவர் மெர்சி அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். ஒப்பந்தத் தொழிலாளி. "இப்ப டயர் கம்பெனி கீதே மேடம், அங்கதான் எங்கப்பா அடுத்தவன் கழனில நாத்து பறிச்சாரு" என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறார். அவர் குழாயைக் காட்டினால் எலி தானாக நடந்து உள்ளே போகும். நான் காட்டினால் என் விரலுக்குள் போகப் பார்க்கும். கோபுரத்தைத் தினமும் துடைப்பதும், மாதம் ஒரு முறை முழுக்கக் கழற்றிக் கழுவி மாட்டுவதும் அவர்தான்.

அந்த மாதம் வந்திருந்தது ஆஸ்துமாவுக்கான ஒரு புது மருந்து; மூச்சுக்குழாயை விரித்துக் கொடுக்கும் ரகம். முதல் வாரம் எல்லாம் சரியாகப் போனது. இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை தாளை எடுத்துத் தராசில் வைத்தேன். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. புதன்கிழமையும் பாதி. வியாழக்கிழமை பாதியைவிடக் கொஞ்சம் குறைவு.

படித்த பிள்ளையாக இருந்தால் கருவியைச் சோதித்திருப்பேன். நான் மனிதர்களைச் சோதித்தேன்.

திங்கட்கிழமை மெர்சி அக்கா லீவு. அவர் திரும்பி வந்த செவ்வாயிலிருந்துதான் மருந்து குறைகிறது. இது முதல் ஆதாரம். இரண்டாவது, அவருக்கு வீசிங் உண்டு. பையில் எப்போதும் ஒரு நீல நிற இன்ஹேலர் இருக்கும். ஆனால் இந்த ஆய்வு தொடங்கியதிலிருந்து அவர் அதைத் தொட்டதே இல்லை. எலித் தீனிக்கான தவிட்டு மூட்டை தூக்கினாலே இழுக்கும் நெஞ்சு, இப்போது பாட்டுப் பாடிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறது. ஆஸ்துமா மருந்து காணாமல் போகிறது. ஆஸ்துமாக்காரருக்கு உடம்பு தேறுகிறது. இதற்கு மேல் ஒரு போலீஸ்காரருக்கு என்ன வேண்டும்?

அந்த நாட்களில் என் உடம்பிலும் ஒரு மாற்றம். கை லேசாக நடுங்கியது. இடுக்கியில் தாளைப் பிடித்தால் தாள் படபடத்தது. நெஞ்சு யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி அடித்துக்கொண்டது. தூக்கம் சரியாக வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பெரிய உண்மையை நெருங்கும்போது துப்பறிவாளர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போல என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வீட்டில் என் அம்மா வேறு ஒரு துப்பறிதலில் இறங்கியிருந்தாள்.

"இன்னாடி, டீ டம்ளரு இந்த ஆட்டு ஆடுது?"

"ஒண்ணுமில்லம்மா. வேலை டென்ஷன்."

"நாஷ்டாவை அப்டியே வெச்சிட்டுப் போற. ராவுல பொரண்டு பொரண்டு படுக்குற. நேத்து ஜன்னலாண்ட நின்னுகினு நீயா பேசிக்கினு இருந்த."

(பேசிக்கொண்டுதான் இருந்தேன். மெர்சி அக்காவைக் கையும் களவுமாகப் பிடிக்கும்போது என்ன சொல்வது என்று ஒத்திகை.)

"யார்றி அவன்?" என்றாள் அம்மா.

"எவன்?"

"வேன்ல வர்றவனா?"

நான் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன். குற்றம் நிரூபணமானது. அன்றிலிருந்து என் தம்பி சதீஷ் காலையில் வண்டியில் என்னை வேன் வரைக்கும் கொண்டுவந்து விட ஆரம்பித்தான். அதற்கு முன் எட்டு மணிக்கு முன்னால் எழுந்தே அறியாதவன், ஐந்தரைக்கே பல் துலக்கிவிட்டு, வேனில் ஏறும் ஆண்கள் ஒவ்வொருவரையும் கால் முதல் தலை வரை பார்த்துக்கொண்டு நின்றான். நான் மெர்சி அக்காவைச் சந்தேகப்பட்டேன். வீடு என்னைச் சந்தேகப்பட்டது. வேன் டிரைவர் சதீஷைச் சந்தேகப்பட்டு, யார் இந்தப் பையன், உங்களிடம் ஏதும் வம்பு செய்கிறானா என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் மெர்சி அக்காவைப் பிடித்தேன். எலிகளை எல்லாம் எடுத்து வைத்த பிறகும் அவர் அறையிலிருந்து வெளியே வரவில்லை. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகமூடியை மேலே தூக்கிவிட்டு, கண்ணை மூடி, கோபுரத்துக்கு அருகில் தலையைக் குனிந்து நின்றிருந்தார். உதடுகள் அசைந்தன. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். உறிஞ்சுகிறார்! நேரடியாகக் கோபுரத்திலிருந்தே உறிஞ்சுகிறார்!

அடித்துக்கொண்ட நெஞ்சோடு ஓடிப்போய் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். தலைப்பு: "மிகவும் ரகசியம்". எங்கள் பிரிவின் தலைவர் ரகுநாதன் சாருக்கு முகவரியிட்டு, தேதி வாரியாக, ஆதாரங்களுக்கு எண் போட்டு, இரண்டரைப் பக்கம். அதை மாடியிலிருந்த பொது பிரிண்டருக்கு அனுப்பிவிட்டு, பிரிண்டர் கீழ்த்தளத்தில் இருப்பதாக நினைத்துக் கீழே போய்த் தேடினேன். மேலே திரும்பி வருவதற்குள் என் ரகசியத்தைக் கணக்குப் பிரிவும் ஸ்டோர்ஸும் படித்து முடித்திருந்தன. யாரோ ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திக்கூட வைத்திருந்தார்கள்.

ரகுநாதன் சார் நிதானமான மனிதர். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நடுவில் டீ குடித்துவிட்டு முடிப்பார். இரண்டரைப் பக்கத்தையும் படித்தார்.

"தேன்மொழி, ஒருத்தங்க வேலை சம்பந்தப்பட்ட விஷயம் இது. நிச்சயமா சொல்றீங்களா?"

"நிச்சயமா சார்." என் குரல் நடுங்கியது. கை நடுங்கியது. நான் நியாயத்துக்காக உணர்ச்சிவசப்படுவதாக அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எழுத்தில் புகார் வந்துவிட்டால் விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்பது விதி. விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று மெர்சி அக்காவிடம் சொன்னார்கள். ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் அன்றே போன் செய்து, "வேற ஆளு வேணுமா சார்? ரெடியா கீறாங்க" என்று கேட்டாராம். அதைக் கேட்டபோதுதான் இது எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்கு லேசாக உறைத்தது. உறைத்ததை உடனே துடைத்துவிட்டேன். குற்றவாளிக்காக இரங்கக் கூடாதல்லவா.

வெளியே போகும்போது மெர்சி அக்கா கேட் அருகில் நின்று அடையாள அட்டையைக் கழற்றினார். அங்கே நான் நின்றிருந்தேன். (தற்செயலாக இல்லை. சோதனை போடும்போது என்ன கிடைக்கிறது என்று பார்க்கத்தான்.)

"இன்னா மேடம்," என்றார், "நானா எடுத்தேன்?"

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புது ஆள் ஒருவர் எலிகளைப் பார்த்துக்கொண்டார். எலிகள் அவரை மூன்று முறை கடித்தன. நான் தாளைத் தராசில் வைத்தேன். பாதிதான். அதற்கு அடுத்த நாளும் பாதி.

இப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "அப்படியென்றால் அவருக்கு உள்ளே ஒரு கூட்டாளி இருக்கிறார்" என்று முடிவு செய்தேன். யார் அந்தக் கூட்டாளி என்று யோசித்து, மதிய உணவு முடிவதற்குள் ரகுநாதன் சாரிடமே போய் நின்றது என் சந்தேகம். அவர் ஏன் அவ்வளவு நிதானமாக இருக்கிறார்?

மூன்றாம் நாள் அவரே என்னைக் கூப்பிட்டார். மேசையில் எலிகளின் ரத்தப் பரிசோதனை முடிவு கிடந்தது.

"பாருங்க. எலி ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு இருக்கு. முதல் வாரமும் சரி, இந்த வாரமும் சரி." ஒரு வாய் டீ குடித்தார். "எலிக்கு முழுசாப் போய்ச் சேந்திருக்கு. போட்ட தூளும் கணக்குப்படிதான் தீந்திருக்கு. அப்ப எதைத் திருடினாங்க?"

எலிகளும் கூட்டாளிகள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"எலி பொய் சொல்லாது. அப்ப பொய் சொல்றது உங்க தாளு. அந்தக் கோபுரத்தைக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவங்க ஒருத்தங்கதான்" என்று சொல்லிவிட்டு அவரே மெர்சி அக்காவுக்குப் போன் செய்தார்.

அரை மணி நேரத்தில் மெர்சி அக்கா வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. தலையுறையும் முகத்தை முழுக்க மூடும் முகமூடியும் மாட்டிக்கொண்டு நேராகக் கோபுரத்திடம் போனார். நாங்களும் மாட்டிக்கொண்டு பின்னால் போனோம். அவர் முதல் துளையிலிருந்து ஒவ்வொன்றுக்குள்ளும் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்பதாவது சரி. நாற்பத்தோராவதில் விரல் நின்றது.

"இதுல ரிங்கு இல்ல சார்."

ஒவ்வொரு துளைக்குள்ளும் காற்று கசியாமல் இருக்க ஒரு கறுப்பு ரப்பர் வளையம் உண்டு. என் தாள் பொருத்தும் துளையில் அது இல்லை. பம்ப் ஓடும்போது அந்த இடுக்கு வழியாக அறைக் காற்றும் சேர்ந்து உறிஞ்சப்பட்டிருக்கிறது. மருந்துக் காற்று பாதி, வெறும் காற்று பாதி. தாள் பாதி எடை காட்டாமல் என்ன செய்யும்?

"இந்த ரிங்கைக் கடைசியா கழட்டுனது யாரு?" என்றார் சார்.

"திங்கக்கெழம நான் லீவு சார். அன்னிக்கு மேடம்தான் கழுவுனாங்க."

உண்மைதான். அவர் இல்லாமலேயே என்னால் முடியும் என்று காட்டுவதற்காக நானே கோபுரத்தைக் கழற்றிக் கழுவி மாட்டியிருந்தேன். எல்லா வளையங்களையும் மாட்டினேனே! நன்றாக ஞாபகம் இருக்கிறது! மாட்டி முடித்துவிட்டுக் கை கழுவினேன், தலை கலைந்திருந்தது, ஜடையில் போட்ட ரப்பர் பேண்டு அறுந்துபோயிருந்தது, தொட்டியின் ஓரத்தில் கறுப்பாக ஒன்று கிடந்தது…

என் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. மெர்சி அக்காவின் கண்கள் அந்தக் கையோடு கூடவே போயின. அவர் என் பின்னால் வந்து, தலையுறையைத் தூக்கி, ஜடையை வெளியே எடுத்தார்.

"சார்," என்றார். "கெடச்சிடுச்சு."

பத்து நாளுக்கும் மேலாக அதைத்தான் தலையில் முடிந்துகொண்டு திருடரைத் தேடியிருக்கிறேன். இடையில் இரண்டு முறை தலைக்குக் குளித்துவிட்டு, மறுபடியும் அதையே எடுத்துப் போட்டிருக்கிறேன். (நல்ல பிடிப்பு. வேறு எந்த ரப்பர் பேண்டும் அப்படி நின்றதில்லை.)

அவமானம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ரகுநாதன் சார் என் நடுங்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேன்மொழி, கையை நீட்டுங்க. எத்தனை நாளா இப்படி?"

"ஒரு பத்து நாளா சார்."

"நெஞ்சு படபடக்குதா? தூக்கம்?"

தலையாட்டினேன். அவர் அறையின் மூலையிலிருந்த குறிப்பேட்டைத் திறந்து ஒரு பக்கத்தை என் முன்னால் வைத்தார். மருந்து வாங்கிய எலிகளிடம் தெரிந்த மாற்றங்கள்: உடல் நடுக்கம், வேகமான இதயத்துடிப்பு, அமைதியின்மை, தீனியில் நாட்டமில்லை. கையெழுத்து என்னுடையது. ஒவ்வொரு நாளும் நானே எழுதியது.

பம்ப் ஓடாத நேரத்தில் அந்த இடுக்கு வழியாக மருந்து வெளியே கசிந்திருக்கிறது. கண்ணாடிக் கூண்டின் கதவை மூடி வைக்க வேண்டும் என்பது விதி. மூடினால் உள்ளே இருக்கும் மீட்டரின் எண் எனக்குத் தெரியாது என்பதால் (கண்ணாடி பவர் மாற்றி இரண்டு வருஷமாகியிருந்தது) கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தத் துளைக்கு நேரே முகத்தை நீட்டி உட்கார்ந்திருப்பேன்.

"முகமூடி போட்டிருப்பீங்களே?" என்றார் சார்.

"முழு முகமூடிக்குள்ள கண்ணாடி நிக்காது சார். அதனால சாதா மாஸ்க்…"

"மூக்குக்குக் கீழ," என்று முடித்து வைத்தார் மெர்சி அக்கா. "கண்ணாடில ஆவி அடிக்குதுன்னு. நான் நாலு தபா சொன்னேன் சார்."

அவர் உடம்பு தேறிய ரகசியமும் முகமூடிதான். இந்த ஆய்வுக்கான விதிப்படி நாள் முழுக்க முழு முகமூடி போட்டதில் தவிட்டுத் தூசி அவர் நெஞ்சுக்குப் போகவே இல்லை. அதனால் இன்ஹேலர் தேவைப்படவில்லை.

கம்பெனி டாக்டர் வந்து இ.சி.ஜி. எடுத்தார், ரத்தம் எடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு நாளில் போய்விடும் என்றார். ஆனால் ரகுநாதன் சார் விடவில்லை. என் உடம்புக்குள் எவ்வளவு மருந்து போயிருக்கும் என்று ஆவணத்தில் எழுத வேண்டுமாம். வெள்ளைப் பலகையில் போட ஆரம்பித்தார்: காற்றிலிருந்த மருந்து, நான் நிமிஷத்துக்கு இழுக்கும் காற்று, உட்கார்ந்திருந்த நிமிஷங்கள். பிறகு என்னைப் பார்த்து, "எடை?" என்றார். அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள்.

"ஐம்பத்திரண்டு சார்."

மெர்சி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவ்வளவு சந்தேகமான ஒரு பார்வையை நான்கூட யாரையும் பார்த்ததில்லை. தீனி மூட்டை நிறுக்கும் தராசைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நில்லு மேடம்."

அறுபத்தொன்று. சார் ஐம்பத்திரண்டை அழித்துவிட்டு அறுபத்தொன்று என்று எழுதினார். விடையை அடிக்கோடிட்டு, மேலே ஒரு தலைப்பு போட யோசித்தார். "நாப்பத்தொண்ணாவது எலின்னு போடுங்க சார்" என்றார் மெர்சி அக்கா. சிரிக்காமல்தான் சொன்னார். மற்ற எல்லாரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் அவரைத் தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். எலிக் குழாய்களைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கினு நின்னேன்னு எழுதியிருந்தியாமே. செபம் பண்ணேன். எனக்கு இல்ல. ஆய்வு முடிஞ்சா இந்த எலிங்க செத்துப் போய்டும்ல. அதுங்களுக்கு."

"தெரியாதுக்கா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அந்த ரூமுக்கு ஆறு பேரு வர்றாங்க மேடம். நீ, சாரு, பம்ப் ரிப்பேர் பண்றவரு, எல்லாரும் நீலப் பட்டை. எனக்கு மட்டும் மஞ்சப் பட்டை. அதானே?"

எங்கள் அடையாள அட்டையில் நிரந்தர ஊழியர்களுக்கு நீலப் பட்டை, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மஞ்சள். என்னுடைய ஆதாரங்களின் பட்டியலில் நான் எழுதாமல் விட்டது அதைத்தான். அந்த ஆறு பேரில் மற்ற யாருடைய பெயரும் எனக்கு முதலில் தோன்றவே இல்லை. அவர் கேட்டதற்கு இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார் என்பதாலும், ஆமாம் என்று சொல்ல வாய் வராததாலும், பக்கத்தில் உட்கார்ந்து குழாய்களைத் துடைத்தேன். அவர் நான் துடைத்ததை எல்லாம் மறுபடி எடுத்துத் துடைத்தார்.

புகாரை எழுத்தில் திரும்பப் பெற்றேன். இந்த முறை ஒரே வரி. அதை எல்லாரும் படிக்கட்டும் என்று பொது பிரிண்டரிலேயே விட்டுவிட்டு வந்தேன். விசாரணை முடிவில் மெர்சி அக்காவின் பெயரைச் சார் நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைத்தார். அது கிடைக்க ஒன்றரை வருஷம் ஆனது. அவர் என்னை மன்னிக்க அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. அதுவரை தினமும் காலையில் என் முன்னால் நாற்பத்தொரு வளையங்களையும் எண்ணிக் காட்டி, என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, கடைசியாக என் ஜடையையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

அன்று வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அம்மா, நைனா (அப்பாதான்), சதீஷ் மூவரும் கேட்டார்கள். தலையில் முடிந்த ரப்பர், மூக்கில் போன மருந்து, ஆடிய டம்ளர் எல்லாவற்றையும் விளக்கி முடித்தபோது அம்மாவின் முகம் வாடிப்போயிருந்தது.

"அப்ப பையன்னு யாரும் இல்லியா?"

"இல்லம்மா."

"நான் உங்க சித்திக்கு வேற சொல்லிட்டேனேடி" என்றாள்.

நைனா மட்டும் நிம்மதியாக மூச்சுவிட்டு, "மருந்துதானா? போ, பேஜாரு வுட்டுச்சு" என்று ராத்திரித் தண்ணீர் பாய்ச்சக் கழனிக்குக் கிளம்பினார். சதீஷ் அடுத்த நாளிலிருந்து மறுபடி எட்டு மணிக்கு எழுந்தான். சித்தியோ நாங்கள் சொன்ன எதையும் நம்பவில்லை. பையன் வேறு ஜாதி போல, அதனால் எலிக் கதை சொல்லி மூடுகிறார்கள் என்று இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலில் உடம்பு நடுங்கினால், "யாரு அந்த மருந்து?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

நான்கு வருஷம் கழித்து எனக்கு நிஜமாகவே ஒருவரைப் பிடித்துப்போனது. வேறு கம்பெனிக்காரர், கடம்பத்தூர்க்காரர். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு நாள் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். அவரைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை என்று.

அம்மா தோசைத் திருப்பியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ரெண்டு நாளு லீவு போட்டுட்டு ஊட்ல இரு. அப்பயும் படபடப்பு நிக்கலன்னா சொல்லு, நைனாவாண்ட பேசுறேன்."

லீவு போட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றாள். பிறகு கையை விட்டுவிட்டு, "வரச்சொல்லு அந்தப் புள்ளைய" என்றாள்.